சாமி செதுக்கும் ஊரில் பிளாஸ்டிக் குமிழ் எதற்கு?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கம் மரத்தில் தெய்வங்களை வடிக்கிற கைகளுக்கு அது நியாயமான மரியாதைதான். ஆனால் மரப்பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரே அளவில் பத்துச் சட்டம் அறுக்க வைத்திருக்கும் ஜிக்கை இறுக்குவது என்ன? பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் குமிழ், இல்லையென்றால் விரலை அறுக்கும் விங் நட். யானைத் தும்பிக்கை செதுக்கத் தெரிந்தவருக்குக் குமிழ் செய்யத் தெரியாதா?

"கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்பார்கள். கணக்குத் தெரியாத பேச்சு இது! சிற்பத்துக்கு அறுக்கும்போது வழக்கமாக விழும் துண்டுகளுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'நார்மல் லாஸ்' என்று பெயர். அதன் விலையை விற்பனைக்குப் போகும் சிற்பங்களே சுமந்துவிடுகின்றன. அடுப்புக்குப் போகிற அந்தத் துண்டு குமிழானால் மரச்செலவு அநேகமாகப் பூஜ்யம். ஒரு போல்ட், கொஞ்சம் அரால்டைட், அரைமணி வேலை, அவ்வளவுதான்.

வேலையும் பெரிய வித்தை இல்லை. காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே ஐந்தாறு துளை போட வேண்டும். பிறகு வட்டத்தை அறுத்தெடுத்தால் விரல் உட்காரும் பள்ளங்கள் தானாக வந்துவிடும். 8 மி.மீ. போல்ட்டின் அறுகோணத் தலை 13 மி.மீ. அகலம். முதலில் 13 மி.மீ. துளையைத் தலை மறையும் ஆழத்துக்குப் போட்டு, அதன் மையத்தில் 8 மி.மீ. துளையை முழுக்க இறக்க வேண்டும். போல்ட்டைத் தட்டினால் ஆறு மூலைகளும் மரத்தைக் கடித்துக்கொள்ளும். மிச்சத்தை அரால்டைட் பார்த்துக்கொள்ளும். மென்மரம் மட்டும் வேண்டாம், நார் வாக்கில் பிளந்துவிடும். வாகை, வேம்பு, புளி நல்லது.

இது அழகுக்காகச் சொல்வதல்ல. சித்திரை வெயிலில் வியர்த்த கைக்குச் சின்னப் பிளாஸ்டிக் குமிழ் வழுக்கும். சரியாக இறுகாத ஜிக் நகர்ந்தால், வட்ட ரம்பத்துக்குப் பக்கத்தில் இருப்பது விரல். அந்த முதலுக்கு எந்தப் பேரேட்டிலும் தேய்மானம் எழுத முடியாது. கம்பெனிக் குமிழ் எல்லார் கைக்கும் ஒரே அளவு. சொந்தமாகச் செய்தால் அவரவர் உள்ளங்கைக்குத் தக்கபடி பெரிதாக்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் தெறிக்கும் இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக்கே இருக்கட்டும், மரம் ஊதிவிடும். மரப்பட்டறைக்கு அந்தச் சாக்கு கிடையாது. தொழில் பழக வருகிற பையனிடம் விநாயகர் முகம் கேட்பதற்கு முன்னால் நாலு குமிழ் கேட்கலாம். கோணிப்போனால் சாமி கோபித்துக்கொள்ளாது. ஜிக்கில் மாட்டித் திருகினால் சரியா தப்பா என்று அவன் கையே சொல்லிவிடும்.