தரவு நம்முடையது, கோட்பாடு யாருடையது?

சமூக அறிவியல் துறைகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. சேரியை யார் வேண்டுமானாலும் ஆராயலாம், அது அறிவியல். சேரியிலிருந்து வந்தவன் சாதியை ஆராய்ந்தால் அது 'சொந்தக் கதை'. அவனே ஆதிக்க சாதியை ஆராயக் கிளம்பினால் அது திமிர்.

சமூகவியலில் ஆய்வுக்குச் சேர்ந்தபோது, எங்கள் பக்கத்துக் கோயில் நிலங்கள் யார் கையில், எப்படி இருக்கின்றன என்பதைத் தலைப்பாகக் கொடுத்தேன். "அதெல்லாம் ஒனக்கு எதுக்குப்பா? ஒங்க ஜனங்களோட சாமி, சடங்குன்னு ஏதாச்சும் எடு. தகவலும் சுளுவாக் கெடைக்கும்" என்றார் நெறியாளர். அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையில்தான் விஷயமே இருக்கிறது. அறுத்துக் கட்டிக் களத்துக்குக் கொண்டு வருவது நாம். மரக்காலைப் பிடித்து அளப்பது அவர்கள். நெற்களத்தில் நடந்ததுதான் ஆய்வுக் களத்திலும் நடக்கிறது.

இந்தப் பிளவை 2002இல் கோபால் குரு வெளிப்படையாகவே போட்டு உடைத்தார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பார்ப்பனர்களும் தரவு சேகரிக்கும் சூத்திரர்களும் இருக்கிறார்கள் என்றார். பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

அறிவு எந்தத் தெருவில் தங்கி உற்பத்தியாகிறது என்பது சின்ன விஷயமா? நம் தஞ்சாவூரையே எடுத்துக்கொள்வோம். 1961-62இல் ஆந்த்ரே பெத்தேய் 'ஸ்ரீபுரம்' என்று பெயர் மாற்றிச் சொன்ன கிராமத்தை ஆராய்ந்தார். தங்கியது அக்ரகாரத்தில். அதனால் சேரியோடு பழகுவது தடைப்பட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். 1965இல் வந்த அந்த நூல் இன்றும் முக்கியமானதுதான். ஆனால் சேரியில் தங்கி அதே ஊரைப் பார்த்திருந்தால் சாதியும் நிலமும் அதிகாரமும் வேறு மாதிரித் தெரிந்திருக்காதா?

தலித்தைப் பற்றித் தலித்துதான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இன்னொரு சேரிதான். அம்பேத்கரைப் பாருங்கள். 1916 மே 9இல், கொலம்பியாவில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று கோட்பாடு வைத்தார். அப்போது அவருக்கு வயது 25. அதே மனிதர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதினார். மாகாண நிதியைப் பற்றி எழுதினார். சாதியும் அவர் பாடம், ரூபாயும் அவர் பாடம். 'இது ஒன் ஏரியா இல்ல' என்று அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

இன்று சொல்கிறார்கள். சொல்லும் இடம் நேர்காணல் அறை. எழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் மதிப்பெண்ணில் இருக்கும் இடைவெளி பாகுபாட்டைக் காட்டுகிறது என்று சொல்லி, வாய்மொழித் தேர்வுக்கான 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கச் சொன்னது ஜே.என்.யூ.வின் அப்துல் நஃபே குழு. அது 2016. அதே ஆண்டு மே மாதம் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதி என்ன செய்தது? எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கிவிட்டு, நேர்காணலிடம் சாவியைக் கொடுத்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2018இல்தான் 70க்கு 30 என்று இறங்கி வந்தார்கள். உள்ளே நுழைந்தாலும் உதவித்தொகையை நிறுத்தி நெரிக்கலாம். ஐதராபாத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17இல் இறந்தபோது ஏழு மாத உதவித்தொகை அவருக்கு வந்திருக்கவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களே, இடஒதுக்கீட்டில் சீட்டு வாங்குவதோடு நம் வேலை முடியவில்லை. நேர்காணல் மதிப்பெண்களைத் தனித்தனியாக வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது. நேர்காணலுக்குப் போகும் தம்பி தங்கைகளை உட்கார வைத்துப் பழக்குங்கள். ஆய்வேட்டை நூலக அலமாரியில் தூங்க விடாமல் தமிழில் எழுதிச் சேரிக்குத் திருப்பிக் கொடுங்கள். தலைப்பை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். அக்ரகாரத்தை ஆராயுங்கள், வங்கியை ஆராயுங்கள், பல்கலைக்கழகத்தையே ஆராயுங்கள். மரக்கால் கைமாறட்டும்.