நின்ற வண்டிக்குக் கூலி

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே பெங்களூர் நெடுஞ்சாலையில் இராக்காலங்களில் பிரயாணம் செய்கிறவர்கள், சாலையோர ஓட்டல்களின் முன் வரிசையாக நிற்கும் லாரிகளை விட்டு விலகி, சாதிப் பிரஷ்டம் செய்யப்பட்டதைப்போல் ஒரு லாரி தனித்து நிற்பதைச் சில சமயம் காணலாம். உப்பிட்ட பச்சைத்தோல் ஏற்றி வந்த வண்டி அது. தார்ப்பாயின் அடியிலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த நாற்றத்தை உத்தேசித்து ஓட்டல்காரர் அதைக் கிட்டே சேர்ப்பதில்லை. ஓட்டுநரோ அதற்குள்ளேயே படுத்திருப்பார். அதே தோல் பூட்ஸாக மாறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்படும்போது, பூட்டி முத்திரையிட்ட கன்டெய்னரில் வெகு கௌரவமாகப் போகிறது.

இந்த லாரி ஓட்டுநர்களுடைய சம்பளக் கணக்கு விசித்திரமானது. மாதச் சம்பளம் என்று ஏதேனும் இருந்தாலும், குடும்பத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்ட பேட்டாதான். தொழிற்சாலை வாசலில் லோடு இறங்குவதற்காகக் காத்துக் கிடக்கும் பகலும் இரவும், தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டும் வேளையும் அதில் சேர்வதில்லை. "ஓடினாத்தான் சார் காசு, நின்னா சோத்துச் செலவு நம்மளது" என்றார் ஒருவர். ஆகவே தூக்கம்கூட இவர்களுக்குக் கைப்பொருளை இழந்து பெறவேண்டிய வஸ்துவாகிவிடுகிறது. விடியற்காலையில் விபத்து நேர்ந்தால், ஓட்டுநர் கண்ணயர்ந்தார் என்று ஒரே வரியில் எழுதி நாம் விஷயத்தை முடித்துவிடுகிறோம்.

2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், தொலைதூர மார்க்கங்களில் அதிகாரியின் அனுமதி பெற்றாலும் 10 மணிக்கும் 54 மணிக்கும் மேற்படலாகாது என்றும் நியாயமாகவே விதித்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களையே அது கருதியபடியால், ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி ஓட்டும் உரிமையாளர்கள் மலிந்த இத்தொழிலில், அதன் நிழல் எட்டாதவர்களே அநேகராக இருந்தார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றார்கள். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலை அறிந்த எவரும் அதைக் குறைகூற மாட்டார்கள். எனினும், நிற்கிற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு டீசலை எரிக்க எந்த முதலாளி சம்மதிப்பார்?

காத்திருப்புக்கு ஹால்டிங் என்று ஒரு கட்டணம் வியாபாரத்தில் உண்டு. வசூலானால் அது வண்டியின் கணக்கில், அதாவது உரிமையாளரிடம், போய்ச் சேர்கிறது. லாரி நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் வாசல் காவலாளி நோட்டில் குறிக்கத்தான் குறிக்கிறார். அவ்விரண்டையும் லாரி ரசீதிலும் எழுதி, இடைப்பட்ட மணிகளுக்குச் சரக்கை வரவழைத்தவரே ஓட்டுநர் பெயருக்கு ஒரு தொகை கொடுக்கவேண்டும் என்று விதித்துவிட்டால், லோடு இறக்க ஆள் இல்லை என்ற பதில் எத்தனை நாள் நிலைக்கும் என்று பார்க்க எனக்கு ஆவல்.