512-க்குப் பேரு பிராட்பேண்டாம்!

மக்களே, "இத்தனை கோடி பிராட்பேண்ட் இணைப்பு"ன்னு அரசு மார்தட்டும்போது, எவ்வளவு வேகம்னு கேட்டிருக்கீங்களா?

2004 கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். 2013-ல் 512. "2015-க்குள் 2 எம்பிபிஎஸ்" என்றது 2012 தொலைத்தொடர்புக் கொள்கை. வந்ததோ 2023 ஜனவரியில்! அமெரிக்காவின் எஃப்சிசி 2015-லேயே 25 எம்பிபிஎஸ்னு நிர்ணயிச்சது, 2024-ல் 100.

நடுவுல 2020 ஊரடங்கு. எங்க திருவொற்றியூர் மாதிரி, துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போறவங்க ஏரியால, ஒரே போன்ல ரெண்டு பிள்ளைங்களுக்கு ஆன்லைன் வகுப்பு. 512-ல் வீடியோ திக்கித் திக்கி நின்னாலும் சர்க்கார் கணக்குல அது பிராட்பேண்ட்தான்.

டெஸ்ட் கேஸைத் தளர்த்திட்டு 'பாஸ்' போட்டா எங்க கிளையன்ட் சும்மா விடுவானா? நாம மட்டும் ஏன் விடணும்? இன்னிக்கு ஃபைபர் வந்தாச்சுன்னு சமாதானம் சொல்லாதீங்க. வாங்க முடிஞ்சவனுக்கு ஃபைபர். முடியாதவனுக்கு அந்த வரையறைதான் மிச்சம். முதல்ல அதை உயர்த்துங்க சாமி!