கம்பியின் மறு நுனி

சென்ற கிழமை மாலையொன்றில் நம் பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வீட்டுக்கு வந்திருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பௌதிகவியல் கற்றவர். இப்பொழுது வளைகுடா நாடொன்றில், போத்தலில் பானம் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மின் தொழினுட்பவியலாளராகப் பணிபுரிகின்றார். விடுமுறையில் வரும் பிள்ளைகள் பழைய ஆசிரியரையும் நினைந்து வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அன்று அவர் முகத்தில் விடுமுறையின் களிப்பைக் காணோம். தேநீரை அருந்தி முடித்த பின், "சேர், உங்களிடம் ஒன்று சொல்லவேணும்" என்று தொடங்கினார். அவர் சொன்னதையே இக்கிழமை நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறோம். தொழிற்சாலைச் செய்தி நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நம் இல்லங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இத்தகைய வேலைகளுக்குச் சென்றிருக்கின்றனர். இனிச் செல்லவும் இருக்கின்றனர்.

முதலில் பொருளை விளக்கிவிடுவோம். முன்னாளில் தொழிற்சாலை இயந்திரம் ஒன்றை இயக்க வேண்டுமாயின், ஆளிக்கும் மோட்டாருக்கும் இடையே தனித்தனிக் கம்பிகளும், கொத்துக் கொத்தாக ரிலேக்களும் இருந்தன. இயந்திரத்தின் வேலையைச் சிறிது மாற்றவேண்டினும் அவ்வளவையும் கழற்றி மீண்டும் பூட்டவேண்டும். இத்தொல்லையை நீக்குமாறு 1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிக் மோர்லி என்பவரும் அவர்தம் தோழர்களும் ஒரு கருவியை வகுத்தனர். அது ‘மொடிக்கொன் 084’ என்னும் பெயருடன் மறு ஆண்டில் வெளிவந்தது. அதன் வழிவந்த கருவிகளையே இன்று பி.எல்.சி. என்கின்றனர். 1979 இல் அதே நிறுவனம் ‘மொட்பஸ்’ என்னும் செய்திப் பரிமாற்ற முறையொன்றை வெளியிட்டது. அதன் பின்னர் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனிக்கம்பி இழுக்கும் தேவை குறைந்தது. ஒரே வடத்தின் வழியாகக் கட்டளைகள் செல்லும்; ஒவ்வோர் இயந்திரமும், தபாற்காரன் கொணரும் கடிதக் கட்டில் தன் முகவரிக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்வது போலத் தனக்குரிய கட்டளையை எடுத்துக்கொள்ளும். இவ்வலையமைப்புடன் கருவிகளை இணைக்கும் சிறு பெட்டியே மொடியூல் எனப்படுவது. பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கக்கூடியது. மின் அலுமாரிக்குள் 35 மில்லிமீற்றர் அகலமுள்ள உலோகச் சட்டமொன்றில் அதனைக் கொளுவி விடுவர்.

பழுதான மொடியூல் ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதே அன்று நம் மாணவருக்கு இடப்பட்ட வேலை. அவர் அசட்டையானவர் அல்லர். பெட்டியுடன் வந்த அறிவுறுத்தல் தாளை வரி விடாது வாசித்திருக்கின்றார். கையிலே நிலைமின் வளையத்தை அணிந்திருக்கின்றார்.

இவ்வளையத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லலாம், மாணவர்களுக்கு உதவும். சீப்பினால் தலைவாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளருகே பிடித்தால் அவை தாவி ஒட்டிக்கொள்வதை யாவரும் அறிவர். குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றில் நடமாடுபவரின் உடலிலும் அத்தகைய மின்னேற்றம் சேர்கின்றது. அது ஏறத்தாழ 3000 வோல்ற்று அளவுக்குச் சேர்ந்து விரல் நுனியிற் பாய்ந்தாற்றான் நமக்குச் சுருக்கென்று தெரியும். ஆனால் இலத்திரனியற் சில்லுகளுட் சில 100 வோல்ற்றுக்குக் குறைந்ததற்கே கெட்டுவிடும். நாம் உணரவே உணராத பாய்ச்சல் கருவியைக் கொன்றுவிடுகின்றது. உடனே கொன்றாலும் நன்று. சில வேளைகளிற் குற்றுயிராக்கி விடுகின்றது. பூட்டியவர் திருப்தியுடன் வீடு திரும்பிச் சில மாதங்கள் சென்றபின், காரணம் புலப்படாமலே அது தவறிழைக்கத் தொடங்கும். ஆதலினாலேதான் உடலிற் சேரும் ஏற்றத்தைப் புவிக்கு வடியவிடும் வளையத்தை மணிக்கட்டில் அணிகின்றனர். அதன் கம்பியில் 10 இலட்சம் ஓம் தடையி ஒன்று இருக்கும். தவறுதலாக 230 வோல்ற்றுக் கம்பியைத் தொட்டுவிட்டாலும் ஓமின் விதிப்படி வளையத்தின் வழியே 0.23 மில்லியம்பியரே செல்லும் என்பதற்காக. அதை நம்பி, மின் ஓடும் கம்பிகளிடையே வளையத்துடன் கைவிடலாகாது. வளையம் கருவியைக் காப்பது, மனிதரைக் காப்பதன்று.

அறிவுறுத்தல் தாளிற் கூறப்படும் ஏனையவற்றையும் அவர் ஒழுங்காகவே செய்திருக்கின்றார். அலுமாரியில் துளையிடும்போது உலோகத் தூள் மொடியூலின் காற்றுத் துவாரங்களிற் புகாதிருக்கச் சில நிறுவனத்தார் மேலே ஒரு பட்டையை ஒட்டி அனுப்புவர். வேலை முடியுமட்டும் அது இருத்தல் வேண்டும். முடிந்ததும் உரித்துவிட வேண்டும். உரிக்க மறந்தால் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெட்டி புழுங்கிக் கெடும். செய்தி செல்லும் வடத்தை மோட்டாரின் மின்வடத்தோடு சேர்த்துக் கட்டலாகாது. குறுக்கிட நேர்ந்தாற் செங்கோணமாகக் குறுக்கிட வேண்டும். முறுக்கிய இரு கம்பிகள் கொண்ட நெடிய வடமாயின் இரு முனைகளிலும் 120 ஓம் தடையி பூட்டப்பட வேண்டும். இல்லையேல், கிணற்றுக்குட் கூவினாற் குரல் மீள்வது போலச் சமிக்ஞை முனையிற் தெறித்து மீண்டு, பின்வரும் செய்தியைக் குழப்பும். முகவரியும் சரியாக இருத்தல் வேண்டும். மொட்பஸ் தொடரொன்றில் 1 முதல் 247 வரையான எண்களுள் ஒன்றையே கருவிக்கு இடலாம். ஒரே எண்ணை இருவருக்கு இட்டுவிட்டால், வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் ஒருங்கே எழுந்து விடை கூறியது போலாகும். வேறொரு கருவியின் எண்ணை இட்டுவிட்டாலோ, விசிறிக்குச் சென்ற கட்டளையைப் பம்பி எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தவர், தம் அலுமாரிக்குரிய 24 வோல்ற்று வழங்கலையும் நிறுத்தியே மொடியூலைக் கழற்றியிருக்கின்றார். செய்தித் தொடர்பு அறுந்தது. சுவருக்கு அப்பாலே, ஏறத்தாழ அறுபது மீற்றர் தொலைவில், போத்தல்களைச் சுமந்தோடும் பட்டி தானாகவே நின்றது. பட்டி நின்றதைக் கண்ட சகதொழிலாளி ஒருவர், இடுக்கிற் சிக்கியிருந்த உடைந்த போத்தலை எடுக்கலாமென்று கையை உள்ளே விட்டார். இவர் புதிய மொடியூலைக் கொளுவி, வடத்தைச் செருகி, வழங்கலை இட்டார். பச்சை விளக்கு எரிந்தது; ஓரிரு நொடிகளில் கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. பட்டியை ‘ஓடு’ என்ற கட்டளை நீக்கப்படாமலே இருந்தது. பட்டி ஓடிற்று.

"பச்சை விளக்கைப் பார்த்து நான் சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றேன், சேர். அப்போதுதான் சத்தம் கேட்டது" என்றார். வேறொருவர் அவசர நிறுத்தற் கயிற்றை இழுத்திராவிட்டால் அந்தக் கையே போயிருக்கும். இரு விரல்கள் நசுங்கின.

நாம் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவரே மீண்டும், "எல்லாம் படித்தபடிதான் செய்தேன், சேர்" என்றார். அதுவே நம்மைத் தைத்தது. பாடசாலையில் நாம் எவ்வாறு கற்பிக்கின்றோம்? கரும்பலகையில் ஒரு கலம், ஓர் ஆளி, ஒரு மின்குமிழ் என வரைகின்றோம். ஆளியும் குமிழும் அருகருகே இருக்கும். ஒரே பார்வையில் இரண்டும் தெரியும். இருபது ஆண்டுகளாக அவ்வாறே வரைந்துவிட்டோம். தொழிற்சாலையிலோ ஆளி ஓரறையிலும், அது அசைக்கும் பொருள் மதிலுக்கு அப்பாலும் இருக்கின்றது. அங்கே யார் நிற்கின்றார் என்பது ஆளியருகே நிற்பவருக்குத் தெரியாது. மொடியூலைப் பூட்டுவது அலுமாரிக்குள் முடிகின்ற வேலை என்று அறிவுறுத்தல் தாளை மட்டும் படிப்பவர் எண்ணிவிடுகின்றார். அவ்வேலையின் பெரும்பகுதி வடத்தின் மறு நுனியிலேதான் இருக்கின்றது. அங்கே சென்று பாராமல் இங்கே திருகாணியில் கை வைத்தல் கூடாது.

இதனை நம்மூர்க் குடும்பங்கள் அறியாதவையல்ல. கிணற்றுப் பம்பியைப் பழுதுபார்க்கச் செல்லும் பெரியவர், வீட்டுச் சுவரிலுள்ள ஆளியை நிறுத்துவதோடு அமைவதில்லை. அவர் கிணற்றடியிற் குனிந்திருக்கும் வேளை, தண்ணீர் வரவில்லையேயென்று குசினியிலிருந்து யாரேனும் ஆளியைப் போட்டுவிடலாம் அல்லவா? ஆகவே உருகியையே கழற்றி மடியிற் செருகிக்கொண்டு போவார். நம் தந்தையார் அவ்வாறு செய்வதைச் சிறு வயதிற் கண்டு சிரித்திருக்கின்றோம். மேலைநாட்டுத் தொழிற்சாலைகள் சட்டமாக்கி வைத்திருப்பதும் ஏறக்குறைய இதுவே. இயந்திரத்தின் பிரதான ஆளியை நிறுத்தி, அதில் வேலை செய்பவர் தம் சொந்த ஆமைப்பூட்டைப் பூட்டித் திறப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்வர். பூட்டில் அவர் பெயர் எழுதிய அட்டை தொங்கும். நால்வர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள் தொங்கும். கடைசியானவர் தம் பூட்டைக் கழற்றும்வரை இயந்திரம் ஓடாது. அமெரிக்காவில் 1989 இல் இம்முறையைக் கட்டாயமாக்கினர். இதனால் ஆண்டுதோறும் சுமார் 120 உயிரிழப்புகளும் 50,000 காயங்களும் தவிர்க்கப்படுகின்றன என்பது அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்புத் திணைக்களத்தின் மதிப்பீடு.

பூட்டியபின்னும் ஒரு வேலை உண்டு. தொடக்கப் பொத்தானை அழுத்தி, இயந்திரம் உண்மையிலேயே ஓடாதிருக்கின்றதா என்று பார்த்து, பொத்தானை மீண்டும் நிறுத்த நிலைக்குக் கொணர வேண்டும். சோதனை மானியையும் குருட்டுத்தனமாக நம்பலாகாது. மின் உள்ளதென்று நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் அதனை வைத்துப் பார்த்து, பின் வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடியும் முதலிடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நடுவிலே மானி செத்துப்போயிருந்தால் அது காட்டும் பூச்சியத்துக்குப் பொருளில்லை. மொடியூலின் வழங்கலை நிறுத்திய போதும், அதன் வெளியீட்டு முனைகளுக்கு வேறோரிடத்திலிருந்து 230 வோல்ற்று வந்துகொண்டிருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. பெற்றோல் ஆவியோ மாத்தூசியோ நிறைந்த இடமாயின், மின் ஓடும்போது மொடியூலைப் பிடுங்குகையில் எழும் சிறு பொறியே வெடிப்புக்குப் போதும்.

"அப்படியானால் அந்தப் பட்டி, தொடர்பு திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கலாமா, தம்பி?" என்று கேட்டோம். "ஓடக்கூடாது, சேர். யாரோ ஒருவர் வந்து திரும்பப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடவேணும். அந்த இயந்திரத்தில் அப்படி அமைத்திருக்கவில்லை" என்றார். ஆகவே குற்றம் முழுவதும் அவருடையதன்று. அவர் மனமோ அவ்வாறு கணக்கிடுவதாயில்லை.

தொடர்பு அறும்போது மறு நுனி என்ன செய்யவேண்டும் என்பதும் எண்ணித் தீர்மானிக்க வேண்டியதொன்று. எல்லாம் நின்றுவிட்டால் நல்லதென்று தோன்றும். பட்டிக்கு அது சரி. ஆனால் கொதிகலனுக்குக் குளிர்நீர் ஊட்டும் பம்பியோ, நச்சுவாயுவை வெளியேற்றும் விசிறியோ நின்றுவிட்டால் நன்மையாகுமா? ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் நின்று, இது நின்றால் யாருக்குத் தீங்கு, ஓடினால் யாருக்குத் தீங்கு என்று கேட்டே அமைக்க வேண்டும். அறிவுறுத்தல் தாள் இதனைச் சொல்லித் தராது.

மறு நுனி அறுபது மீற்றரில் இல்லாமல் பல நூறு மைலுக்கப்பால் இருக்கும் காலமும் வந்துவிட்டது. 2015 டிசம்பர் 23 இல் உக்ரேன் நாட்டில், தொலைவிலிருந்த பகைவர் மின்வழங்கல் வலையமைப்பினுட் புகுந்து, ஏறத்தாழ 225,000 பாவனையாளரை இருளில் ஆழ்த்தினர். போகும்போது, துணைமின்னிலையங்களில் இருந்த இத்தகைய இணைப்பு மொடியூல்களின் உள்ளுறை நிரலையும் அழித்துச் சென்றனர். ஊழியர் நேரிற் சென்று கையினால் ஆளிகளை இட்டே சில மணி நேரத்தில் ஒளியை மீட்டனர். 2017 இல் சவூதி அரேபியாவின் பெற்றோலிய இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில், ஆபத்து வேளையில் ஆலையை நிறுத்துவதற்கென்றே இருந்த காவற் கருவியினுட் பகைவர் புகுந்தனர். அக்கருவியில், ஒரு திறப்பைத் திருப்பினாற் புதிய நிரல் ஏற்றலாம்; மீளத் திருப்பினால் ஏற்ற முடியாது. வேலை முடிந்ததும் திருப்பி எடுக்கப்பட வேண்டிய திறப்பு, ஏற்றும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. பகைவரின் நிரலில் இருந்த பிழையினால் ஆலை தானே நின்றமை அங்கிருந்தோரின் நற்பேறு.

நம் மாணவர் விடைபெறுமுன் தம் திறப்புக் கோவையை எடுத்துக் காட்டினார். வீட்டுத் திறப்புடன் சிவப்பு உறையிட்ட சிறு திறப்பு ஒன்றும் இருந்தது. சொந்தப் பணத்தில் ஓர் ஆமைப்பூட்டு வாங்கிவிட்டாராம். அதன்பின் மேலதிகாரிகளும் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தனராம். "அந்த நண்பர் எப்படியிருக்கிறார்?" என்று வினவினோம்.

"விரல்கள் ஆறிவிட்டன, சேர். ஒன்றில் நுனி இல்லை. அந்த வரிசையிலேதான் வேலை செய்கிறார். நான் அலுமாரியைத் திறக்கிற நாட்களில், தானே வந்து பட்டியடியில் நின்று, ‘ஒருவரும் இல்லை, போடு’ என்று கத்துவார்" என்றார்.