வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பாட்டி

இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீளமாக ஒரு வெள்ளைச் சுவர். மேலே வெளிறிய வானம். சுவர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. கீழே இடது ஓரத்தில், தலையில் புல்லுக்கட்டுடன் ஒரு பாட்டி நடந்து போகிறார். மற்றபடி படத்தில் ஒன்றுமே இல்லை.

'ஆஹா' என்று சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு படத்துக்குக் கீழே, அரைப் பக்கத்தை நிரப்புவதற்காக நாலு வரி புதுக்கவிதைகூட எழுதியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இந்த வாரக் கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள்.

சமீபத்தில் தண்டலத்தில் ஒரு கல்லூரியில் புகைப்படப் போட்டி. பெங்களூர் நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருக்கிறதே, அதே தண்டலம்தான். இன்னும் கொஞ்சம் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் அங்கேதான் தயாராகி வெளியே வந்தது. அப்படியே போனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் ஒரகடம். வழியெல்லாம் கம்பெனிச் சுவர்கள். வெள்ளை, சாம்பல், வெளிர் நீலம். மினிமலிசப் புகைப்படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல பூமி கிடைக்காது.

என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவனுக்குப் புகைப்படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டேன். "மத்த ரெண்டு நடுவர்களும் புகைப்படக்காரர்கள் சார். பொது ஜனம் சார்பா ஒருத்தர் வேணும்" என்றார்கள். சரி, பொது ஜனமாகப் போய் உட்கார்ந்தேன்.

போட்டித் தலைப்பு 'மினிமலிசம் – முரண்'. படத்தில் பொருள்கள் குறைவாக இருக்க வேண்டும். வெற்றிடம் நிறைய இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விஷயங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் விதி.

என்னென்ன வந்தன தெரியுமா? கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு எருமை. கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி. மேலே விமானம், கீழே ஒற்றைப் பனைமரம். தகரக் கூரைக்குப் பின்னால் பதினைந்து மாடி. தலைப்புகள் 'நேற்றும் இன்றும்', 'இரண்டு இந்தியா', 'காலம்'. 'காலம்' என்ற தலைப்பில் மட்டும் ஐந்து படங்கள்.

முதல் பரிசுக்கு மற்ற இரண்டு நடுவர்களும் தேர்ந்தெடுத்தது, நான் முதலில் சொன்ன பாட்டியின் படம். தலைப்பு 'அந்நியம்'. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பரிசளிப்பு மாலையில். நடுவில் இரண்டு மணி நேரம் இருந்தது. படத்தை எடுத்த மாணவரிடம், "அந்தச் சுவர் எங்கே தம்பி இருக்கு?" என்று கேட்டேன். "பக்கத்துலதான் சார், வாங்க" என்று பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்.

சுவர் இருந்தது. படத்தில் இல்லாத எல்லாமும் இருந்தது. ஷேர் ஆட்டோ நிற்கிற இடம். 'ரூம் வாடகைக்கு' என்று இந்தியில் எழுதிய ஒரு அட்டை. கழிவுநீர்க் குழாய். நம் அதிர்ஷ்டம், பாட்டியும் இருந்தார். ஓரமாக உட்கார்ந்து புல்லைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததுமே, "இன்னாப்பா, மறுபடியும் நடக்கணுமா?" என்றார். அன்றைக்கு இவர் மூன்று தடவை நடக்க வைத்திருக்கிறார்.

மாணவர் செல்போனில் படத்தைக் காட்டினார். பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்: "கழுத்துல என் கார்டு எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். அவர் கழுத்தில் ஆரஞ்சுக் கயிற்றில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. அந்தச் சுவருக்கு உள்ளே இருக்கிற கேன்டீனில் அவர் பாத்திரம் கழுவுகிறார். ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை. காலை ஐந்து மணிக்கு உள்ளே போய் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வருவார். வரும் வழியில், வீட்டில் இருக்கிற ஒரு மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு போவார்.

மாணவர் நெளிந்தார். "ஆரஞ்சு கலர் கண்ணை இழுத்துச்சு சார். அதான் அழிச்சுட்டேன்."

செல்போனிலேயே இப்போது அழிப்பான் இருக்கிறதல்லவா? விரலால் தேய்த்தால் மின்கம்பி போகும், குப்பைத் தொட்டி போகும், பின்னால் நிற்கிற மனிதர் போவார். இங்கே ஒரு கயிறு போயிருக்கிறது.

பாட்டிக்கு அது புரியவேயில்லை. "அத எதுக்கு அழிச்ச? அது இல்லாட்டி கேட்டுல வுட மாட்டாங்களே!"

வாசகர்களே, என் வழக்கு இதுதான். அந்தப் படம் 'அந்நியம்' என்கிறது. பழைய காலத்துப் பாட்டி, புதிய காலத்துச் சுவர், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்கிறது. உண்மையில் அந்தப் பாட்டி இல்லாவிட்டால் சுவருக்கு உள்ளே இருக்கிறவர்களுக்குச் சாப்பிடத் தட்டு இல்லை. சம்பந்தம் இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் முரண் கிடைத்திருக்கிறது.

நான் மினிமலிசத்துக்கு எதிரி இல்லை. ஏழே சீரில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிற திருக்குறளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். நமக்குச் சுருக்கத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹாங்காங்கில் ஃபேன் ஹோ என்று ஒரு பெரிய கலைஞர் இருந்தார். 1954-ல் அவர் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. வெள்ளைச் சுவர், அதன் மேல் சாய்ந்து இறங்கும் முக்கோண நிழல், மூலையில் தனியாக ஒரு பெண். நின்றவர் அவருடைய உறவுக்காரப் பெண். அந்த நிழல் இருட்டறையில் சேர்க்கப்பட்டது. இதை அவர் மறைக்கவில்லை. தனிமை என்கிற ஒரு உணர்வைச் சொல்ல ஒரு நிழலைக் கூட்டினார். நாம் ஒருவருடைய வேலையைக் கழித்திருக்கிறோம். இரண்டும் ஒன்றா?

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு. இடது பக்கம் ஒன்றை எழுதினால் வலது பக்கம் அதற்கு ஈடானதை எழுதியே ஆக வேண்டும். இரண்டும் ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு முகங்கள். இடது பக்கம் மளிகைக் கடை பாக்கியையும் வலது பக்கம் மாமியார் ஊருக்குப் போன பஸ் செலவையும் எழுதிவிட்டு, "பார்த்தீர்களா, என்ன முரண்!" என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வாத்தியார் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பார். நம் முரண் படங்களில் முக்கால்வாசி அப்படிப்பட்ட கணக்குதான்.

சரியான கணக்கு எப்படி இருக்கும்? நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1876-ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சம். செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்போது ஹூப்பர் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. எலும்பும் தோலுமாக மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து, நிற்க வைத்து எடுத்தவை. சுற்றிலும் வேறு விவரம் அதிகம் கிடையாது. பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் ஏன் பஞ்சம் என்று அந்தப் படங்கள் சொல்லாது. மழை பெய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு படமும் இருக்கிறது. 1877 பிப்ரவரி, மெட்ராஸ் கடற்கரை. மலை மலையாக அடுக்கிய தானிய மூட்டைகள். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வார்த்தை எழுத வேண்டாம். தானியம் இருந்தும் ஏன் செத்தார்கள் என்ற கேள்வி தானாக எழும்பும். அதுதான் முரணை அடுக்கிக் காட்டுகிற கலை. இரண்டு படத்தையும் சேர்க்கிற கோடு, பார்க்கிறவர் மனதில் ஓட வேண்டும்.

தொழிற்சாலைச் சுவரை மினிமலாக எடுத்து யாரும் சாதிக்கவில்லையா? சாதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லூயிஸ் பால்ட்ஸ் என்பவர் 1974-ல் கலிஃபோர்னியாவின் இர்வைன் பக்கத்தில் புதிதாக முளைத்த தொழிற்பேட்டைகளை எடுத்தார். மொத்தம் 51 படங்கள். சுவர், கதவு, நிழல். ஆள் இல்லை, எருமை இல்லை. உள்ளே என்ன செய்கிறார்கள் என்றே தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவருடைய விஷயம். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தவில்லை. 51 தடவை திரும்பத் திரும்ப அந்த மௌனத்தைக் காட்டினார். இடத்தின் பெயரையும் தலைப்பிலேயே போட்டார். நம் ஆட்கள் இடத்தின் பெயரை எடுத்துவிட்டு 'காலம்' என்று போடுகிறார்கள்.

இதற்கும் முன்னால், 1931-லேயே, நாடக ஆசிரியர் ப்ரெக்ட் இதைச் சொல்லிவிட்டார். க்ரூப் ஆலையைப் படம் எடுத்தால் க்ரூப்பைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரியாது என்பது அவர் கருத்து. ஜெர்மனிக்குப் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூருக்கே வாருங்கள். நோக்கியா ஆலை 2006-ல் வந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதில் நிறைய பெண்கள், வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி மூடினார்கள். பிறகு சால்காம்ப் அதை வாங்கியது. 2006-லும் 2014-லும் அந்தச் சுவரை மட்டும் படம் எடுத்திருந்தால் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? வேலை போனவர்கள் வீட்டுக்குப் போன பஸ் சுவருக்கு வெளியேதான் நின்றது.

இன்னொரு ஜோடி சொல்கிறேன். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை செய்தவர்கள் நோயுற்றதைக் கண்டித்து, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் இதே நெடுஞ்சாலையில் ராத்திரியில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கு சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய். வரிசை வரிசையாக ஒரே மாதிரி ஜன்னல்கள். மினிமலிசக் கேமராவுக்கு விருந்து. ஜன்னல்களை மட்டும் எடுத்தால் அழகான வடிவம். பக்கத்தில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களின் படத்தையும் வைத்தால், அந்த ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் வீட்டைவிட்டு வந்த ஒரு பெண் இருக்கிறாள் என்பதும், அவளுக்கு நல்ல சோறு ஒரு கோரிக்கையாக இருந்தது என்பதும் தெரியும்.

"கலைக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா? ஒரு படம் அழகாக இருந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதும் சார். ஒரு இலை, ஒரு பனித்துளி, ஒரு படகு எடுங்கள். அழகாக இருந்தால் போதும். ஆனால் ஒரு மனுஷியைச் சுவருக்கு முன்னால் நடக்க விட்டு, 'இரண்டு இந்தியா' என்று நீங்களே தலைப்பு வைத்தால், அது ஒரு சாட்சியம். சாட்சி சொல்ல வந்தவர், கண்ணை இழுக்கிறது என்பதற்காக ஒரு விவரத்தை அழிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் படங்களால் யாருக்கு வசதி? பார்க்கிற நமக்குத்தான். பாட்டி 'பழைய காலம்' என்றால், அவர் நிலைமைக்குக் காலம் பொறுப்பு. காலத்தின் மேல் யார் வழக்குப் போட முடியும்? பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். பாட்டி ஒப்பந்தத் தொழிலாளி என்றால், யார் ஒப்பந்தக்காரர், எவ்வளவு கூலி, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். அந்த ஆரஞ்சுக் கயிறு கண்ணை இழுத்தது நிஜம்தான். இழுக்கட்டுமே!

மாணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாம். திரும்பி வரும்போது, "அழிக்காத படம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டினார். அதே சுவர், அதே வானம், அதே புல்லுக்கட்டு. அவ்வளவு வெள்ளைக்கு நடுவில் சின்னதாக ஒரு ஆரஞ்சுக் கோடு. சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் நல்ல படம். அதில்தான் மினிமலிசமும் இருந்தது, முரணும் இருந்தது.

கல்லூரிக்கு வந்து மற்ற நடுவர்களிடம் வாதாடினேன். "கார்டு வந்தா படத்தோட டைம்லெஸ் தன்மை போயிடும் சார்" என்றார் ஒருவர். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். மேடையில் முதல் பரிசை வாங்கியது கயிறு இல்லாத பாட்டிதான். கைதட்டலும் பலமாக இருந்தது.

இறங்கி வந்ததும் மாணவர் என்னிடம் வந்தார். பழைய படத்தை என்ன செய்யட்டும் என்று கேட்டார். அழிக்காதீர்கள் என்றேன். ஒரு பிரதி போட்டுப் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னேன். அதிலாவது கார்டு இருக்கிறதா என்று அவர் சரிபார்த்துக்கொள்ளட்டும்.