மோட்டார் போச்சுங்க, புதுசு எடுத்துக்கங்க

வாஷிங் மெஷின் சர்வீஸுக்கு வருகிறவர்களுக்கு யார்தான் இந்த ஒரே வசனத்தைப் பாடம் செய்து அனுப்புகிறார்களோ தெரியவில்லை. "மோட்டார் போச்சுங்க." பின்பக்க மூடியில் ஒரு ஸ்குரூகூடக் கழற்றியிருக்க மாட்டார். டைமரைத் திருகுவார், டிரையர் தொட்டி சுற்றாமல் 'ம்ம்ம்' என்று உறுமும், தீர்ப்பு வந்துவிடும். அடுத்த வசனமும் தயார்: "இந்த மாடல நிறுத்திட்டாங்க. மோட்டார், லேபர்னு பார்த்தா பாதி மெஷின் வெல ஆயிரும். எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க." இதைச் சொன்னதற்கு விசிட் சார்ஜ் தனி.

எங்கள் வீட்டில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக். இடப்பக்கம் துவைக்கும், வலப்பக்கத் தொட்டி பிழிந்து கொடுக்கும். அந்த வலப்பக்கம் படுத்தது ஐப்பசி அடைமழையில். வெயில் இருந்தால் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டுப் போகலாம். மழைக்காலத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மை என்ன செய்வது? பெட்ஷீட்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து எதிரெதிராக முறுக்கினோம். ஜீன்ஸ் பேன்ட்டை அப்படி முறுக்கிப் பாருங்கள், மணிக்கட்டு போய்விடும்.

இதில் என்ன வயிற்றெரிச்சல் என்றால், நான் இருப்பது கோயம்புத்தூர். 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்து காட்டிய பீளமேடு இங்கேதான் இருக்கிறது. ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த வேலை அது. பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும் நாடு முழுக்கப் போகிற ஊர். தெருவுக்குத் தெரு காயில் கட்டுகிற பட்டறை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு டிரையர் மோட்டாருக்கு நாதியில்லை. பட்டறை அண்ணனிடம் கேட்டேன். "ஏனுங்க, அஞ்சு எச்.பி. போர் மோட்டார் கொண்டாங்க, நாளைக்கே கட்டித் தர்றேன். இத்தனூண்டுக்குக் கூலி கட்டுமுங்களா?" அவர் சொல்வதும் நியாயம்தான். அந்தக் கூலிக்குக் கடையில் புது மோட்டாரே வந்துவிடும்.

சரி, மோட்டார்தான் போச்சு என்று எப்படித் தெரியும்? உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்க மூன்று காரணங்களாவது உண்டு. ஒன்று, பிரேக். டிரையர் மூடியைத் திறந்தவுடன் தொட்டி சட்டென்று நிற்பதற்காகக் கீழே ஒரு பிரேக் ஷூ இருக்கிறது. மூடியை மூடினால் ஒரு வயர் அதை இழுத்து விடுவிக்கும். அந்த வயர் தளர்ந்தாலோ அறுந்தாலோ பிரேக் பிடித்தபடியே இருக்கும், மோட்டார் முக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடி சாத்திய நிலையில் பின்பக்கமாகக் கைவிட்டு டிரம்மைச் சுற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எங்களுடையது லேசாகச் சுற்றியது.

அடுத்தது கண்டென்சர். மோட்டார் முதல் சுற்றுக்குக் கிளம்பவே இதன் தயவு வேண்டும். எங்கள் மெஷினில் 10+4 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. 10 துவைக்கிற மோட்டாருக்கு, 4 டிரையருக்கு. பிளக்கைப் பிடுங்கினாலும் இதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். ஒரு பல்ப் ஹோல்டரின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மோட்டார் விலையோடு பார்த்தால் இது சில்லறைக் காசு. சர்வீஸ்காரர் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இதைத்தான். அவர் பையில் ஒன்றுகூட இல்லை. நான் வாங்கி மாட்டினேன். உறுமல் அப்படியே இருந்தது.

கடைசியாக மல்டிமீட்டர். மோட்டாரிலிருந்து வருவது மூன்றே வயர்: காமன், ரன்னிங், ஸ்டார்ட்டிங். இரண்டிரண்டாகத் தொட்டு ஓம் பார்த்தால் மூன்று ஜோடியிலும் எண் வர வேண்டும். பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு ஜோடியில் மட்டும் எண் வந்தது. ஸ்டார்ட்டிங் காயில் அறுந்துவிட்டது. ஆக, மோட்டார் போனது உண்மைதான். ஆனால் பார்த்துச் சொல்வதற்கும் பார்க்காமல் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லையா?

ஸ்பேர் கடையில் "காப்பரா, அலுமினியமா?" என்றார்கள். காப்பர் சில நூறு ரூபாய் கூட. கேரண்டி கேட்டேன். "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு ஏதுங்ணா கேரண்டி?" வீட்டுக்கு வந்து பிரித்தால் பழைய மோட்டாரின் வயர் கலர் ஒன்று, புதியதன் கலர் வேறு. எது எதோடு சேரும் என்று ஒரு துண்டுச்சீட்டு வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? ஸ்டார்ட்டிங்கையும் ரன்னிங்கையும் மாற்றிக் கொடுத்தால் தொட்டி எதிர்ப்பக்கம் சுற்றும், மோட்டாரும் சூடேறும். மறுபடி மீட்டர், மறுபடி ஓம்.

கழற்றுவது அடுத்த சித்திரவதை. தொட்டியின் தண்டையும் மோட்டாரின் தண்டையும் கப்ளிங்கில் ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. துருவேறி அது எது, கப்ளிங் எது என்றே தெரியவில்லை. துரு ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் 10-ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டினேன். ஒரு கை மட்டுமே நுழைகிற இடம். விளக்குப் பிடிக்க இன்னொரு ஆள். மூன்று ஸ்பிரிங் காலைக் கழற்றி வெளியே எடுத்தால் மோட்டாரின் தலை முழுக்கத் துரு. காயிலின் ஓரம் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மோட்டார் தானாகச் சாகவில்லை. தொட்டியின் தண்டு கீழே இறங்குகிற இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது கிழிந்து, பிழிகிற தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தண்டு வழியே இறங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் ஓடுகிற மின் மோட்டாரை, ஒரு ரப்பர் துண்டை நம்பி, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள்! வைத்தது போகட்டும், மோட்டாருக்கு மேல் ஒரு நல்ல குடையாவது மாட்டித் தொலைக்கக் கூடாதா? புது மோட்டாரை மட்டும் மாட்டியிருந்தால் அடுத்த மழைக்கு அதுவும் காலி. சீலுக்காக மறுபடி போனபோது கடைக்காரர் ஆச்சரியப்பட்டார்: "மோட்டார்கூட சேர்த்து இத யாருமே கேக்க மாட்டாங்ணா."

ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷினின் கடைசிப் பெட்டியை விற்ற பிறகும் 10 ஆண்டுகளுக்கு மோட்டார் உள்ளிட்ட உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி. 'மாடலை நிறுத்திட்டாங்க' என்கிற வசனம் அங்கே எடுபடாது. நம் மத்திய அரசும் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு கமிட்டி போட்டு, அதே ஆண்டு டிசம்பர் 24-ல் ஒரு போர்ட்டலையும் திறந்தது. திறந்ததில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கிடைக்கிற கஸ்டமர் கேர் எண்ணுக்கு அடித்தால், என் வீட்டுக்கு வரப்போவது அதே ஆள், அதே பை, அதே வசனம்.

மெஷின் இப்போது ஓடுகிறது. பழைய மோட்டாரை எடைக்குப் போடப் போனேன். கடைக்காரர் தராசில்கூட வைக்கவில்லை; கத்தி முனையால் காயிலை ஒரு சுரண்டு சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "அலுமினியமுங்க. இரும்பு வெலதான் வரும்." வாங்கிய அன்று மெஷின் மேல் ஒட்டியிருந்த 'காப்பர் மோட்டார்' ஸ்டிக்கர் இன்னும் ஓரம்கூடக் கிழியாமல் இருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டேன். அது துவைக்கிற மோட்டாரைப் பற்றி மட்டும்தானாம்.