லாரிக்கு முன்னே உரிமம்

கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், ஹனூரைக் கடந்தபின் வருவது கௌதள்ளி. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய பகுதி இது. மாவட்டங்கள் மாறினாலும் மானாவாரி வேளாண்மையின் நிலையாமை மாறவில்லை. மழை பொய்க்கும் ஆண்டுகளில், மலைச்சாலையில் ஏறி இறங்கும் லாரிகள் இளைஞர்களின் கருத்தை ஈர்ப்பது இயல்பே. மலைக்கு அப்பால் பாலாறு, மேட்டூர். அதனையும் தாண்டினால் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல்.

நிலத்தை அடகு வைத்தேனும் மகனுக்கு ஒரு லாரி வாங்கித் தந்துவிட வேண்டும் எனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். கடன் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்வாறு கூறுவது வியப்பளிக்கலாம்: அந்தக் கடன் இப்போது வேண்டாம். முதலில் உரிமம், அடுத்துச் சில ஆண்டுகள் பிறர் வண்டியில் அனுபவம், அதன் பின்னரே சொந்த லாரி.

சட்டமும் படிப்படியான வழியையே வகுத்துள்ளது. 18 வயதில் இலகுரக வாகன உரிமம் பெறலாம். அதனைப் பெற்று ஓராண்டு கழிந்து, 20 வயதும் நிறைந்தவரே சரக்கு வாகன உரிமத்திற்குத் தகுதியுடையவர். மருத்துவச் சான்றும், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பள்ளியின் பயிற்சிச் சான்றும் தேவை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. படிப்பைப் பாதியில் நிறுத்தியோருக்கு அது ஒரு நற்செய்தி. இலகுரக உரிமம் உடையவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனங்களை ஓட்டலாம் என உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட எடைக்குத் தனி உரிமம் கட்டாயம். உரிய உரிமமின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் தான் வழங்கிய இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்பக் கோரக்கூடும். அப்போது வண்டியும் போய், கடனும் நிற்கும்.

உரிமத்தோடு கல்வி முடிவதில்லை. கொண்டையூசி வளைவில் பாரத்துடன் இறங்குவதும், டயர் தேய்மானத்தைக் கணிப்பதும், திரும்பும் பயணத்திற்குச் சரக்குத் தேடுவதும் சாலையில்தான் கைவரும். கொங்குப் பகுதியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, உரிமையாளராக உயர்ந்தோர் பலர். அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழிலைக் கற்றனர். கற்காமல் வாங்கியவரோ, வண்டி நின்றாலும் நிற்காத மாதத் தவணைக்காகத் தம் உறக்கத்தை விற்கிறார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை எனச் சட்டம் கூறினும், தவணை நெருங்கும்போது அது நினைவில் நிற்பதில்லை.

வங்கிகளாகிய நாமும் திருந்த வேண்டியுள்ளது. லாரிக்குக் கடன் கேட்டால் விரைந்து விண்ணப்பத்தை எடுக்கிறோம். பயிற்சிக்கென ஒரு கடன் உண்டு என எடுத்துரைப்பதில்லை. 2015இல் தொடங்கிய திறன் கடன் திட்டத்தின் உச்சவரம்பு 2024இல் 1.5 லட்சம் ரூபாயிலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ள பயிற்சி நிறுவனத்தில் சேரும் ஓட்டுநர் மாணவரும், கல்லூரி மாணவரைப் போன்றே மதிப்புடன் வரவேற்கப்பட வேண்டும். அனுபவம் பெற்றபின் அவரே முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையின்றிக் கடன் பெற விண்ணப்பிக்கலாம். பழைய வண்டி ஒன்றில் தொடங்க அது துணைபுரியும்.

ஆகவே, பெற்றோர் நிலப் பத்திரத்துடன் வங்கிக்கு வருமுன், மகனின் உரிமத்தையும் அவன் சாலையில் கழித்த ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கிளையில் நாமும் அதனையே முதலில் வினவுவோம். லாரி காத்திருக்கும், அடகுபோன நிலம் மீள்வது அரிது.